எந்த நொடியில் என்று சொல்லுங்கள்: ரீமிக்ஸ் கேட்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் இசையின் ரீமிக்ஸ்களைத் தேடிப் பிடித்துக் கேட்டு, கேட்ட சூட்டோடு கருத்துச் சொல்லும் அன்பர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ரீமிக்ஸ் வெளியிட்டேன். 1994-ல் சூப்பர் நின்டென்டோ என்ற விளையாட்டு இயந்திரத்துக்கு வந்த டாங்கி காங் கன்ட்ரி விளையாட்டில், தண்ணீருக்கடியில் நீந்திப் போகும் கட்டங்களில் ஒரு மெதுவான இசை வருமே, டேவிட் வைஸ் போட்டது, அதை எடுத்து டிரம் அண்ட் பேஸாக, அதாவது வேகமான டிரம்ஸும் கனமான பேஸும் (தாழ்ந்த அடிச்சுர ஒலி) கொண்ட மின்னணு இசையாக மாற்றியிருந்தேன். 172 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 172 தாள அடி. உங்களில் பலர் கேட்டீர்கள், பலர் எழுதினீர்கள். ஒன்று விடாமல் படித்தேன், சிலவற்றை நாலைந்து தடவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத்தான் ஆரம்பித்தேன், ஆனால் பத்துப் பதினைந்து பேருக்கு எழுதிய பிறகு பார்த்தால் எல்லோரிடமும் ஒன்றையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் அதை இங்கே மொத்தமாகக் கேட்டுவிடுகிறேன்.

எந்த நொடியில் என்று சொல்லுங்கள்.

"சூப்பர்" என்று எழுதினால் எனக்குச் சந்தோஷம், அதை மறைக்கப் போவதில்லை. "நாசம் பண்ணிட்டீங்க" என்று எழுதினால் அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லாமல்தான் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தால் இரண்டுமே கைக்கு உதவுவதில்லை. எழுபதுக்கு மேல் டிராக், அதாவது தனித்தனி ஒலி அடுக்கு, இருக்கிறது, ஐந்து நிமிடம் ஓடுகிறது, எதைத் தொடுவது?

ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "2:18-ல் பேஸ் உள்ளே வந்ததும் மெட்டு முங்கிப் போகிறது. 2:40 வரை தேடிக்கொண்டே இருந்தேன்." அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. திறந்து பார்த்தேன். பேஸின் மேல்பக்கமும், மெட்டை வாசிக்கும் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியின் கீழ்ப்பக்கமும் 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றுகொண்டிருந்தன. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று ரொம்ப நேரம் யோசித்தேன், காரணம் எளிதானதுதான்: அந்த மெட்டு எனக்கு மனப்பாடம். ஸ்பீக்கரிலிருந்து அது வராவிட்டாலும் என் காது தானே பாடி நிரப்பிக்கொள்கிறது. இரண்டு மாதம் ஒரே இசையை மறுபடி மறுபடி ஓட்டிக் கேட்டவன் காது நம்பத்தகுந்த காது கிடையாது. உங்கள் காதுதான் எனக்குத் தேவை, அதுவும் முதல் தடவை கேட்கும்போது. ரீமிக்ஸ் செய்கிறவருக்கு ஒருபோதும் கிடைக்காத ஒன்று அந்த முதல் தடவை.

இன்னொரு சின்ன வேண்டுகோளையும் இதோடு சேர்த்துவிடுகிறேன். எதில் கேட்டீர்கள் என்றும் எழுதுங்கள். "பேஸே இல்லையே" என்று ஐந்தாறு பேர், "பேஸ் மண்டையைப் பிளக்கிறது" என்று அதே அளவுக்குப் பேர். இரண்டு பக்கமும் உண்மை. டிரம் அண்ட் பேஸில் பேஸின் அடிநாதம் 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். போன் ஸ்பீக்கரின் சின்ன உடம்பால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. அதனால்தான் பேஸின் மேல் கொஞ்சம் டிஸ்டார்ஷன், அதாவது வேண்டுமென்றே ஒரு கரகரப்பு, ஏற்றுவோம், மேல் அதிர்வுகள் கேட்டுவிட்டால் போதும், இல்லாத அடிநாதத்தையும் மூளையே ஊகித்துக்கொள்ளும். நான் அதைக் குறைவாகத்தான் செய்திருந்தேன். போனில் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே பிடித்திருப்பேன்.

சரி, இப்போது "அசல்தான் பெஸ்ட்"டுக்கு வருகிறேன். வந்த கருத்துகளில் பெரும்பங்கு இதுதான், இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச ஆசை.

அந்த அசலை நானும் நேசிக்கிறேன், நேசிக்காத ஒன்றோடு இரண்டு மாதம் யாராலும் குடியிருக்க முடியாது. அது எப்படி உருவானது என்று தெரிந்தபோது என் நேசம் இன்னும் கூடியது. சூப்பர் நின்டென்டோவின் ஒலிப் பகுதியைச் செய்து கொடுத்தது சோனி. 8 சேனல், அதாவது ஒரே சமயத்தில் எட்டு ஒலிகள்தான், 64 கிலோபைட் நினைவகம். அந்த 64 கிலோபைட்டுக்குள்தான் வாத்தியங்களின் ஒலிகள், இசையை ஓட்டும் நிரல், எதிரொலிக்கான இடம் என்று எல்லாமே அடங்க வேண்டும். டேவிட் வைஸ் மனதில் இருந்ததோ கோர்க் வேவ்ஸ்டேஷன் என்ற சிந்தசைசரின் ஒலி. அந்தக் கருவியில் ஒரு அலைவடிவம் இன்னொன்றுக்குள் வழுக்கிக்கொண்டு போய்க் கரையும், அதன் பிறகு இன்னொன்று. விளையாட்டு இயந்திரத்தில் அதற்கெல்லாம் இடம் ஏது? குட்டிக் குட்டி அலைத்துண்டுகளாக நறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து அந்த மிதக்கும் உணர்வைக் கொண்டுவந்தார். ஆக, நீங்களும் நானும் அசல் என்று கொண்டாடுவதே, ஓர் இயந்திரத்தின் ஒலியை அதைவிட எளிய இன்னோர் இயந்திரத்துக்குள் கொண்டுவரப் போராடியதில் பிறந்ததுதான். ஒலியை இடம் மாற்றுவது இந்த இசைக்கு அந்நியமான காரியம் இல்லை.

இதை வைத்து நான் செய்தது அதைவிட மேல் என்று சொல்ல வரவில்லை. அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை. அசலில் இருந்த எது இங்கே காணாமல் போனது என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒருவர் சொன்னார், அதை இன்னும் மறக்க முடியவில்லை: "அசலில் இரண்டு சுரத்துக்கு நடுவில் காத்திருக்க வேண்டியிருக்கும். நீங்கள் காத்திருக்கவே விடவில்லை." படித்ததும் வலித்தது, ஏனென்றால் அது உண்மை. அந்த இடைவெளிகளில் எல்லாம் நான் டிரம்ஸைக் கொட்டி நிரப்பியிருந்தேன். இந்த ரீமிக்ஸில் அதை மாற்றப் போவதில்லை, வேகம்தான் இதன் உயிர், அதை எடுத்துவிட்டால் இது வேறு ஏதோ ஆகிவிடும். ஆனால் அடுத்ததாக எதைச் செய்தாலும் அந்த வாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். "அசல்தான் பெஸ்ட்" என்று எழுதிய எல்லோருக்கும் உள்ளே இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்றே நம்புகிறேன், எழுதத்தான் பொறுமை இல்லை.

இன்னொன்று. எந்த அசல்?

விளையாட்டாகக் கேட்கவில்லை. 1991-ல் சேகா கம்பெனியின் மெகா டிரைவ் விளையாட்டு இயந்திரத்துக்கு வந்த முதல் சோனிக் விளையாட்டின் இசையை வேறொருவர் ரீமிக்ஸ் செய்திருந்தார். அதன் கீழே இரண்டு பேர் விடாமல் மோதிக்கொண்டார்கள், ரீமிக்ஸின் வேகம் அசலோடு சரியாக ஒத்துப்போகிறது என்று ஒருவர், அசல் இதைவிட மெதுவானது, நிதானமானது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று மற்றவர். கடைசியில் ஒருவரையொருவர் பொய்யர் என்றே சொல்லிவிட்டார்கள். இருவருமே சரி! ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தது, ஐரோப்பாவில் 50 முறை. அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவற்றில் இசையும் அந்தக் கணக்கில்தான் நகரும், ஒவ்வொரு முறை திரை மாறும்போதும் இசை ஓர் அடி முன்னே போகும். ஐரோப்பாவுக்கென்று தனியாகத் திருத்தாமல் விட்டால் அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். முதல் சோனிக் அப்படித் திருத்தப்படாமல் போனவற்றில் ஒன்று. லட்சக்கணக்கான குழந்தைகள் அந்த மெதுவான வடிவத்தைத்தான் கேட்டு வளர்ந்தார்கள், அவர்களுக்கு அதுதான் அசல்.

சூப்பர் நின்டென்டோவுக்கும் முந்தைய நின்டென்டோ இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தமே 5 சேனல். நீங்கள் ஒரு தாவு தாவினால் அந்தத் தாவும் சத்தத்துக்கு ஒரு சேனல் வேண்டும், அது இசை வாசித்துக்கொண்டிருக்கும் சேனல்களில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும், அந்த ஒரு கணம் இசையில் ஓட்டை விழும். ஆக விளையாடியவர் நினைவில் இருக்கும் இசை, அவரவர் தாவலுக்கும் அடிக்கும் தகுந்தபடி ஆங்காங்கே பிய்ந்துபோன இசை. பிற்பாடு தனியாக எடுத்துக் கேட்கும் சுத்தமான பதிவை எந்தக் குழந்தையும் விளையாடும்போது கேட்டிருக்க முடியாது. அதனால் "அசலில் அந்த இடத்தில் இது கிடையாது" என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானியுங்கள். நீங்கள் தவறு என்பதற்காக இல்லை, உங்கள் அசலை நீங்கள் விவரித்தால்தான் மற்றவருக்குப் புரியும் என்பதற்காக.

முடிவைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். விளையாட்டு இசைக்கு முடிவே கிடையாது. கட்டத்தை முடிக்கும்வரை, அல்லது சாகும்வரை, சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், அதற்காகவே எழுதப்பட்டது. ரீமிக்ஸ் செய்ய உட்காரும்போது மெட்டு கடன், சுரக்கட்டு கடன், சில சமயம் ஒலிகளும் கடன். முடிவு மட்டும்தான் முழுக்க என்னுடையது. வந்த கருத்துகளில் கடைசி அரை நிமிடத்தைத் தொட்டவை இரண்டே இரண்டு. ஒருவர் "சட்டென்று அறுந்தது" என்றார், மற்றவர் "மூச்சு வாங்கத் தண்ணீருக்கு மேலே வந்த மாதிரி இருந்தது" என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் நான் நினைத்தது, ஆனால் முதலாமவர் சொன்னதைத்தான் அதிகம் யோசித்தேன்.

நினைவுகளை எழுதியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "இது ரீமிக்ஸைப் பற்றியது இல்லை, மன்னிக்கவும்" என்று தொடங்கி எழுதியிருந்தீர்கள் பலர். மன்னிப்பெல்லாம் எதற்கு? ஒருவர் தன் அக்காவைப் பற்றி எழுதியிருந்தார். அக்கா கன்ட்ரோலரைத் தரவே மாட்டாளாம், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம், தண்ணீர்க் கட்டம் வந்தால் மட்டும் அக்காவுக்கு அலுத்துப்போய் "இந்தா, நீ ஆடு" என்று தூக்கிக் கொடுப்பாளாம். அதனால் இந்த மெட்டு அவருக்குத் தன் முறை வந்துவிட்டது என்று அறிவிக்கும் மணி. இப்போது அக்கா இல்லை. கேட்கும்போது அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தார்.

நான் அவரிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், எந்த இடத்தில் என்று. தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயம். அவர் உடனே சொன்னார்: 0:38. அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? டிரம்ஸ் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அசலின் ஒலிக்கு முடிந்தவரை பக்கத்தில் போன ஒலியில், ஒரே ஒரு கார்டை (சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) மட்டும் தொங்க விட்டிருந்தேன். இரண்டு நொடிதான். அந்த இரண்டு நொடியை வெட்டிவிடலாமா, வேகம் குறைகிறதா என்று வெளியிடும் முன் இரவெல்லாம் யோசித்தேன். இனி அதில் யாரையும் கை வைக்க விடமாட்டேன். அழுகைக்கும் ஒரு நொடி இருக்கிறது, அதையும் சொல்லுங்கள், உங்களுக்குச் சொல்லத் தோன்றினால்.

விளையாட்டையே பார்த்ததில்லை, ஆனால் பிடித்தது என்றவர்களும் அதை ஒரு குறையாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். நினைவு எதுவும் முட்டுக் கொடுக்காமல் இந்த ஐந்து நிமிடம் தானாக நிற்கிறதா என்று உங்களால்தான் சொல்ல முடியும். "மூன்றாவது நிமிடம் சலிப்பாக இருந்தது" என்று உங்களில் ஒருவர் சொன்னால், எனக்கு அது பத்து ரசிகர்களின் கைதட்டலைவிட உபயோகம்.

செயற்கை நுண்ணறிவு வைத்துச் செய்ததா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. கேட்பது தவறில்லை, இன்றைக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் கேட்பது வேறு, ஆதாரமே இல்லாமல் "இது மெஷின் செய்தது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போவது வேறு. முழு புராஜெக்டையும் திறந்து காட்டத் தயார், டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் கையால் வைத்தது.

அப்புறம், எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்று. சில மாதங்களுக்கு முன் புதியவர் ஒருவர் தன் முதல் ரீமிக்ஸை வெளியிட்டார். ஒரு சண்டைக் காட்சியின் இசை, ஹார்ட்ஸ்டைல் என்ற முரட்டு மின்னணு நடன இசைப் பாணியில். ஒலி அளவு எல்லை மீறிப் போய் எல்லாமே உடைந்து கரகரவென்று கேட்டது, டிரம்ஸ் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது, அது உண்மை. ஆனால் வந்த எதிர்வினை என்ன? "காது வலிக்குது." "விட்டுடுப்பா." முதலில் எழுதியவர் சொன்னதையே அடுத்தவர், அவர் சொன்னதையே அதற்கடுத்தவர், யார் அதிகம் சுருக்கென்று சொல்வது என்று போட்டி போட்டதுபோல. பாதிப் பேர் முதல் பதினைந்து நொடிக்கு மேல் கேட்டிருக்கவே மாட்டார்கள். இரண்டே நாளில் அவர் அதை எடுத்துவிட்டார்.

மூன்றாவது நிமிடத்துக்குப் பக்கத்தில், அந்த முரட்டு மெட்டை அவர் சட்டென்று மூன்று எண்ணிக்கைத் தாளத்துக்கு மாற்றியிருந்தார், வால்ட்ஸ் மாதிரி. இத்தனை வருடமாக ரீமிக்ஸ் செய்கிறேன், எனக்கு அப்படி ஒன்று தோன்றியதே இல்லை. எதிரியோடு மோதும் இசை திடீரென்று அவனோடு நடனம் ஆடியது. அதை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டேன், அசந்துபோனேன், வார இறுதியில் ஆற அமர எழுதலாம் என்று வைத்திருந்தேன். வார இறுதிக்குள் அது போய்விட்டது. அவரை எங்கே தேடுவது என்றும் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் அவர் இருந்தால், அந்த வால்ட்ஸை மறுபடி கேட்க ஆசைப்படும் ஒருவர் இங்கே இருக்கிறேன்.

குறையைச் சொல்லாதீர்கள் என்று கேட்கவில்லை. இந்த ரசிகர் உலகிலேயே அதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் என்ற இணையதளம் 1999-லிருந்து ரசிகர்களின் ரீமிக்ஸ்களை வாங்கிக் கேட்டு இலவசமாக வெளியிட்டு வருகிறது. அங்கே நடுவர் குழு ஒன்று உட்கார்ந்து கேட்கும். அசல் மெட்டு தெளிவாக அடையாளம் தெரிய வேண்டும், அதே சமயம் வெறும் நகலாகவும் இருக்கக்கூடாது, இந்த இரண்டு கயிற்றுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். நிறையப் பேரை நிராகரிப்பார்கள். நிராகரித்தாலும் ஏன் என்று எழுதுவார்கள்: இந்தப் பகுதி அசலோடு ரொம்ப ஒட்டியிருக்கிறது, இந்த டிரம்ஸ் யந்திரத்தனமாக இருக்கிறது, திருத்தி மறுபடி அனுப்பு. அப்படித் திருத்தித் திருத்தி வளர்ந்தவர்கள் பலர். 2008-ல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ என்ற சண்டை விளையாட்டின் எச்டி ரீமிக்ஸ் பதிப்புக்கு, அதிகாரபூர்வமான இசையையே அந்த ரசிகர்கள்தான் செய்து கொடுத்தார்கள். "விட்டுடுப்பா" என்று சொல்லி இப்படி ஆட்களை வளர்க்க முடியுமா?

பாராட்டுவதானால் இசையமைப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், இதுவும் என் கோரிக்கை. "அந்த கேம் மியூசிக்" என்றோ கம்பெனி பெயரைச் சொல்லியோ கடந்து போகிறோம். 1986-ல் வந்த முதல் கேசில்வேனியா விளையாட்டின் கடைசியில் திரையில் இசை என்று ஓடிய பெயர் ஜேம்ஸ் பனானா. அது கினுயோ யமாஷிதா, அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த இளம் பெண். இன்றைக்கும் உலகம் முழுக்க ரீமிக்ஸ் செய்யப்படும் மெட்டுகளுக்கு அவரும் சொந்தக்காரர், அவர் பெயரோ அங்கே வரவே இல்லை. நம்மால் முடிந்தது ஒரு வரி எழுதுவது. நான் செய்ததில் 1:12-ல் வரும் அந்த ஏறுமுகம் பிடித்திருந்தால், அது டேவிட் வைஸுடையது. அதற்குக் கீழே ஓடும் டிரம்ஸ் பிடிக்கவில்லை என்றால் அதற்கு நான் பொறுப்பு.

திருத்திய பதிப்பை நேற்று ஏற்றிவிட்டேன். 2:18-ல் பேஸ் வரும்போது மெட்டுக்கு வழி விடுகிறது, போனில் கேட்டாலும் பேஸ் இருப்பது தெரியும், 0:38 அப்படியே இருக்கிறது. முடிவை நாலு சுற்று நீட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை, பழையபடியே விட்டுவிட்டேன். 3:52-லிருந்து 4:10 வரை புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன், டிரம்ஸ் பாதி வேகத்துக்கு இறங்கி மெட்டு தனியாக நீந்தும், காத்திருக்க விடவில்லை என்று சொன்னவரை நினைத்துச் செய்தது. அந்தப் பதினெட்டு நொடியைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, ஓட்டம் தடைப்படுகிறதா அல்லது இன்னும் கொஞ்சம் நீள வேண்டுமா என்று. கேட்டுவிட்டு எழுதுங்கள், எதில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
அந்த ரீமிக்ஸைச் செய்தவன்